பிரிக்கப்படாத மாத்திரை அட்டை

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 27 வயது. லோடு ஆட்டோ ஓட்டியவர், மணமாகாதவர். சிறு வயதிலிருந்தே வலிப்பு நோய் உண்டு. காலையும் இரவும் லெவெடிரசெட்டம் 500 மாத்திரை. ஒரு சனிக்கிழமை இரவு 9 மணிக்கு, சீருடை இல்லாத மூன்று பேர் வந்து, ஒரு திருட்டு விஷயமாக ‘சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்’ என்று கூட்டிப் போயிருக்கிறார்கள். அதே தெருப் பையன் ஒருவரையும் கூடவே ஏற்றியிருக்கிறார்கள். ஞாயிறு காலை 8 மணிக்கு வாசகி மாத்திரை அட்டையோடு ஸ்டேஷனுக்குப் போனார். உள்ளே விடவில்லை. பாராவில் நின்ற காவலர் அட்டையை வாங்கிக்கொண்டு, ‘எஸ்.ஐ. ஐயாகிட்ட குடுத்துடுறேன், நீங்க போங்கம்மா’ என்றார். அன்று மாலை அந்தப் பையனை விட்டுவிட்டார்கள். தம்பியை விடவில்லை. திங்கள் விடியற்காலை 4.30க்கு போன்: ‘ஃபிட்ஸ் வந்துருச்சு, ஜி.எச்.சுக்கு வாங்க.’ இவர்கள் போய்ச் சேர்ந்தபோது உடல் பிணவறையில் இருந்தது.

சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கி அன்று மாலையே உடலை ஒப்படைத்தார்கள். குளிப்பாட்டிய உறவினர்கள், உள்ளங்கால் வீங்கியிருந்தது, வேறு காயம் பெரிதாகக் கண்ணில் படவில்லை என்கிறார்கள். அடக்கம் முடிந்து 24 நாள் ஆகிறது. தம்பியின் உடைமைகளோடு அந்த மாத்திரை அட்டையும் திரும்பி வந்தது. பத்து மாத்திரையும் அப்படியே இருந்தன.

எஸ்.ஐ.யையும் ஏட்டையும் ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டார்கள். ‘கவனக்குறைவுதான், அதுக்கு நடவடிக்கை எடுத்தாச்சு’ என்கிறது ஸ்டேஷன். வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வின் விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் ஐந்து லட்சம் ரூபாயும் ஒரு வேலையும் பேசுகிறார். வாசகியின் கேள்விகள் இவை. கையெழுத்துப் போட்டாயிற்றே, இனி வழக்கு நிற்குமா? இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி. வரை எல்லோர் மீதும் கொலை வழக்குப் போட முடியுமா? அக்காவுக்கு உரிமை இல்லை என்கிறார்களே? கடைசித் தம்பி மீது பொய் வழக்குப் போட்டுவிட்டால் என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன அந்த மாத்திரை அட்டைதான் இப்போது உங்கள் கையில் இருக்கும் முக்கியமான சான்று. இன்றே அதை எடுத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள்; பின்பக்கத்தில் உள்ள பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் தெளிவாக விழ வேண்டும். பிளாஸ்டிக் பையில் வேண்டாம். ஒரு காகித உறையில் போட்டு ஒட்டி, யார் கையிலிருந்து எந்தத் தேதி எத்தனை மணிக்குத் திரும்பி வந்தது என்று மேலே எழுதிக் கையெழுத்திடுங்கள். மருந்துக்கடை ரசீது இருந்தால் அதிலும் அதே பேட்ச் எண் இருக்கும். நரம்பியல் மருத்துவரின் பழைய சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். அட்டையின் போட்டோவை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். அசலை நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மட்டும், சான்றாகக் குறியிடச் சொல்லிக் கொடுங்கள். அதற்கு முன் எந்த அதிகாரி கேட்டாலும் எழுத்துபூர்வ ரசீது இல்லாமல் தராதீர்கள்.

அந்த அட்டை இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. உங்கள் தம்பிக்கு வலிப்பு உண்டு என்பது ஞாயிறு காலை 8 மணி முதல் ஸ்டேஷனுக்குத் தெரியும். தெரிந்தும் மருந்து கொடுக்கப்படவில்லை. சனி இரவு வேளையும் தப்பியிருக்கும் என்றால், ஞாயிறு காலை, இரவு என்று அடுத்தடுத்து மூன்று வேளை. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் தூக்கமில்லாமல் வைத்திருப்பதும் வலிப்பைத் தூண்டும் என்பது மருத்துவத்தில் அரிச்சுவடி. ‘ஃபிட்ஸ் வந்து இயற்கையாக இறந்தார்’ என்ற விளக்கம் உண்மையாகவே இருந்தாலும் அது வழக்கை முடிப்பதில்லை. அந்த வலிப்பு ஏன் வந்தது, வந்தபின் எத்தனை நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்ற கேள்விகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது

காவல் துறையினர் ‘கவனக்குறைவு’ என்று சொல்லும்போது, ‘குற்றம் இல்லை, துறை ரீதியான தவறு’ என்ற பொருளில் சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டு, அடித்ததை நிரூபித்தால்தான் வழக்கு என்று நினைக்கிறீர்கள். இரண்டுமே தவறு. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் சட்டத்தின் கண்ணில் செயல்தான். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 3(4) பிரிவு, ‘செயல்’ என்ற சொல் சட்டவிரோதமான செய்யாமையையும் உள்ளடக்கும் என்கிறது. ஒருவரைப் பிடித்து வைத்திருப்பவர் அவருடைய உடல்நலத்தையும் பாதுகாப்பையும் நியாயமான கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 56-ஆம் பிரிவு கடமையாகவே விதிக்கிறது. கடமை இருக்கும் இடத்தில் ‘சும்மா இருந்தேன்’ என்பது பதிலாகாது.

1860-இல் எழுதப்பட்ட பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புதிய சட்டத்திலும் 3(8) பிரிவின் கீழ் அது அப்படியே இருக்கிறது. இரண்டு சிறைக்காவலர்கள் ஆறு ஆறு மணி நேரமாக மாறி மாறி ஒரு கைதியைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவன் சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு, அவனுக்குக் கொடுக்கச் சொல்லித் தங்களிடம் தரப்பட்ட உணவை இருவருமே தத்தம் முறையில் கொடுக்காமல் விடுகிறார்கள். அவன் பட்டினியால் சாகிறான். இருவரும் கொலைக் குற்றவாளிகள். ஒருவரும் கை ஓங்கவில்லை. உணவு இருந்த இடத்தில் உங்கள் அட்டையை வைத்துப் பாருங்கள். ஒரே வித்தியாசம், அங்கே கொல்லும் எண்ணம் வெளிப்படை. உங்கள் வழக்கில் அதை நிரூபிக்க வேண்டியிருக்கும். குற்றத்தின் படிநிலையைத் தீர்மானிப்பது அந்த எண்ணம்தான்.

கொலை, கொலையாகாத மரணம், கவனக்குறைவு மரணம்

கொல்லும் எண்ணமோ, சாவதற்குப் போதுமான காயத்தை ஏற்படுத்தும் எண்ணமோ இருந்தால் கொலை, நியாய சன்ஹிதாவின் பிரிவு 103. சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே செய்தார்கள் அல்லது செய்யாமல் விட்டார்கள், ஆனால் எண்ணம் நிரூபணமாகவில்லை என்றால் பிரிவு 105, கொலையாகாத மரணம். பத்தாண்டு வரை சிறை. ‘தெரியும்’ என்பதும் நிரூபணமாகாமல், அசட்டையாக இருந்தார்கள் என்று மட்டும் தெரிந்தால் பிரிவு 106(1), ஐந்தாண்டு வரை. உண்மையை வரவழைக்க அடித்தார்கள் என்றால், மரணத்துக்கும் அடிக்கும் தொடர்பு இல்லாவிட்டாலும், பிரிவு 120 தனியே நிற்கும்: சாதாரணக் காயத்துக்கு ஏழாண்டு, கொடுங்காயத்துக்குப் பத்தாண்டு வரை. ஆவணத்தைத் திருத்தியிருந்தால் 256, சாட்சியத்தை அழித்திருந்தால் 238.

உங்கள் கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்துச் சொன்னால், 105-உம் 120-உம் பிடிமானம் உள்ளவை. ‘தெரியும்’ என்பதற்கு அட்டை இருக்கிறது. அடிக்கு உள்ளங்கால் வீக்கம் இருக்கிறது. 103 என்பதற்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் வாய் திறக்க முடியாது. கொலை என்று மட்டும் பிடிவாதமாக நின்று, அது நிரூபணமாகாமல் எல்லாமே விழுந்த வழக்குகள் உண்டு. எது சரி என்ற ஐயம் இருந்தால் மாற்றுக் குற்றச்சாட்டுகளாகவே சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் வழக்கறிஞர் அதைக் கேட்கட்டும்.

இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி. எல்லோரையும் சேர்ப்பது பற்றி. மேலதிகாரி என்பதற்காக மட்டும் ஒருவர் குற்றவாளி ஆவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்கு வந்தாரா, உங்கள் தம்பி அங்கே இருப்பது அவருக்குத் தெரியுமா, அவர் கைபேசி எந்த டவரில் இருந்தது, எஸ்.ஐ. அவருக்கு எத்தனை முறை பேசினார் என்பவையே அவரை உள்ளே கொண்டுவரும் அல்லது வெளியே விடும். புகாரில் பத்துப் பெயரை அடுக்கினால், பார்க்கவே பார்க்காதவர்கள் முதலில் விடுபட, அவர்கள் வழியே உண்மையானவர்களும் நழுவுவார்கள். பெயர் தெரிந்தவரைப் பெயரோடும், தெரியாதவரை ‘ஞாயிறு காலை 8 மணிக்குப் பாராவில் இருந்த காவலர்’ என்றும் எழுதுங்கள். பாரா மாறும் நேரத்தை எழுதும் புத்தகம் ஸ்டேஷனில் உண்டு. பெயரை அது சொல்லும்.

‘கைதே பண்ணலை’ என்பார்கள்

இதற்குத் தயாராக இருங்கள். கைது குறிப்பாணை இல்லை, நடுவர் முன் நிறுத்தவில்லை. ஆகவே ‘விசாரித்து அனுப்பிவிட்டோம், வெளியே போய் விழுந்தார்’ என்ற கதை பின்னால் வரலாம். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்த வழக்கிலும் முறையான கைது எதுவும் இல்லை. அதனால் அது காவல் மரணம் அல்லாமல் போய்விடவில்லை. காவல் மரணம் பற்றிய, சுரக்ஷா சன்ஹிதாவின் 196(2) பிரிவு, கைது என்று கேட்கவில்லை. போலீசின் காவலில் இருந்தாரா என்று மட்டுமே கேட்கிறது. கைது பதியாதது அவர்களுக்குக் கேடயம் அல்ல. சட்டவிரோத அடைப்பு என்ற இன்னொரு குற்றம் கூடுகிறது, அவ்வளவுதான். முறையாகக் கைது செய்திருந்தாலும் 24 மணி நேரக் கெடு ஞாயிறு இரவு 9 மணிக்கே முடிந்துவிட்டது.

இங்கேதான் கூடப் போன பையன் தேவைப்படுகிறார். உள்ளே உங்கள் தம்பியைக் கடைசியாகப் பார்த்த, போலீஸ் அல்லாத ஆள் அவர் ஒருவரே. அவரை உட்காரவைத்து நீங்களே வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ‘சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார்கள்’ என்று குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும். சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவின் கீழ் நடுவர் முன் அவர் வாக்குமூலம் பதிவாக வேண்டும் என்று மனுப் போடுங்கள். பயந்தால், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ், மாவட்ட முதன்மை நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். உங்கள் கடைசித் தம்பிக்கும் அதே வழிதான். அவரை யாராவது ‘ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ’ என்று போனில் கூப்பிட்டால், எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். வந்தால் வழக்கறிஞரோடு போகட்டும். பொய் வழக்கு வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அச்சத்தை முன்கூட்டியே எழுத்தில் பதிந்து வைத்தவர் மீது போடப்படும் வழக்கை நீதிமன்றம் வேறு கண்ணோடு பார்க்கும்.

இரண்டு விசாரணைகள்

ஆர்.டி.ஓ. நடத்துவது வருவாய்த் துறை அதிகாரியின் நிர்வாக விசாரணை. போங்கள், சொல்வதைச் சொல்லுங்கள், பதிவானதைப் படித்துப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள். ஆனால் காவல் மரணத்துக்குச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது 196(2) பிரிவின் கீழ் நீதித்துறை நடுவர் நடத்தும் விசாரணை. அந்த நடுவரிடமிருந்து உங்களுக்கு இதுவரை அழைப்பு வந்ததாகக் கடிதத்தில் இல்லை. எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி எந்தப் பிரிவு என்று பாருங்கள். 194 என்று மட்டும் இருந்தால், அது சந்தேக மரணங்களுக்கான பொதுப் பிரிவு. ‘இயற்கை மரணம்’ என்று யாரும் தீர்ப்பளித்ததாகப் பொருளில்லை, ஆனால் காவல் மரணமாகப் பதியவில்லை என்று பொருள். உடனே நடுவர் நீதிமன்றத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.

அக்காவுக்கு உரிமை இல்லை என்று சொன்னவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். 196-ஆம் பிரிவின் விளக்கத்தில் பெற்றோர், பிள்ளைகள், சகோதரர், சகோதரி, கணவன் அல்லது மனைவி எல்லோரும் உறவினர்தான். விசாரணையை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், உடனிருக்க அனுமதிக்கவும் வேண்டும். சித்தப்பா அந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

நடுவரின் அறிக்கை தண்டனை தராது. அதன் பலன், சாட்சியம் சூடாக இருக்கும்போதே காவல் துறைக்கு வெளியே ஒருவர் அதைப் பதிந்துவிடுவது. 2020 ஜூனில், தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் காவல் மரண வழக்கில் நடுவர் நேரே ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்த பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலம் அப்படித்தான் பதிவாயிற்று. சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது.

அழியக்கூடியவை

2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், லாக்கப், வராண்டா, வாசல் எல்லாவற்றிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், எந்த நிலையிலும் ஓராண்டுக்குக் குறையாமல், வைத்திருக்க வேண்டும் என்றது. நடைமுறையில் ‘அன்னிக்கு கேமரா ரிப்பேர்’ என்ற பதில் வரும். அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பதிவு அவர்கள் கையில் இருந்தது, இல்லாமல் போனதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான். சனி இரவு 9 முதல் திங்கள் காலை 6 வரையிலான பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நடுவருக்கும் இந்த வாரமே விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். ஜி.எச். வாசல், உங்கள் தெருமுனைக் கடை ஆகியவற்றின் கேமராக்கள் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். 24 நாள் போய்விட்டது. இதில் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

ஜி.எச். அவசரப் பிரிவின் விபத்துப் பதிவேட்டு நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்தார், உயிரோடா இறந்தேவா, என்ன நடந்ததாகச் சொன்னார் என்று பணி மருத்துவர் அதில் எழுதியிருப்பார். அந்த நேரத்துக்கும் உங்களுக்கு போன் வந்த 4.30க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 108 வண்டியில் போனாரா, ஜீப்பிலா என்பதும் முக்கியம். 108 என்றால் அழைப்பு வந்த நேரம் தனியே பதிவாகியிருக்கும்.

பிரேதப் பரிசோதனைக்கு வருவோம். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2020-இல் சந்தோஷ் வழக்கில் வகுத்த முறை இது: தடயவியல் மருத்துவம் படித்த இரண்டு மருத்துவர்கள், முழு உடல் எக்ஸ்ரே, தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோ, முன்னதாக உடலின் இரு பக்கத்தையும் குடும்பத்தினர் பார்க்க வாய்ப்பு, அறிக்கையின் நகலும் வீடியோவும் குடும்பத்துக்கு. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் நான் முதலில் தேடுவது உள்ளங்கால் கீறிப் பார்க்கப்பட்டதா என்பதை. லத்தியால் உள்ளங்காலில் அடித்தால் மேல்தோல் கிழியாமல், உள்ளே ரத்தம் கசிந்து நிற்கும். கருத்த தோலில் முதுகு, பிட்டத்துக் கன்றலும் அப்படித்தான். கத்தி வைக்காமல் ‘வெளிக்காயம் இல்லை’ என்று எழுதினால் அந்த வரிக்கு மதிப்புக் குறைவு. சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கிச் சோதனைக்கு அனுப்பினார்களா என்றும் பாருங்கள்: பல இடங்களில் தசை நசுங்கினால் அதிலிருந்து வரும் நிறமி சிறுநீரகத்தில் போய்த் தங்கும்.

உடலைத் தோண்டி எடுக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவசரப்படாதீர்கள். இத்தனை நாளில் எலும்பு முறிவு தெரியும். உள்ளங்கால் கன்றல் தெரியாமல் போயிருக்கலாம். ஒன்றும் கிடைக்காத மறுபரிசோதனை எதிர்த்தரப்புக்கு ஆயுதமாகிவிடும். முதலில் அறிக்கையையும் வீடியோவையும், வழக்கோடு தொடர்பில்லாத தடயவியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

பணமும் கையெழுத்தும்

உடலைப் பெற்றதற்கான கையெழுத்து, உடலைப் பெற்றதற்கான கையெழுத்து மட்டுமே. ‘யார் மீதும் சந்தேகம் இல்லை’ என்று சித்தப்பாவிடம் எழுதி வாங்கியிருந்தாலும் அது குற்றத்தை அழிக்காது. எந்தச் சூழலில் வாங்கினார்கள் என்று அவரே நடுவரிடம் சொல்லலாம். 103-உம் 105-உம் 106-உம் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்கள் அல்ல. எனவே பிரமுகர் எழுதும் எந்தத் தாளுக்கும் சட்ட மதிப்பில்லை. அவர் விலைபேசுவது உங்கள் வாக்குமூலத்தை. அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். அரசு தரும் நிவாரணம் வேறு. அதை வாங்கினால் வழக்கை விட்டுவிட்டதாக ஆகாது. ‘எங்கள் மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கூடுதல் இழப்பீட்டுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். 1993-இல் நீலாபதி பெஹேரா வழக்கில், தண்டவாளத்தில் உடல் கிடந்த மகனுக்காகத் தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, ஒன்றரை லட்ச ரூபாய் தர உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம். ‘தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான்’ என்ற போலீஸ் கதை அங்கே எடுபடவில்லை.

புகாரின் வழி

எஸ்.பி.க்கு எழுத்துப் புகார். பலனில்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு நடுவரிடம் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவின் கீழ் மனு. அரசு ஊழியர் மீதான புகார் என்பதால் மேலதிகாரியின் அறிக்கையைக் கேட்டுவிட்டே உத்தரவிட வேண்டும் என்று 175(4)-ஐக் காட்டுவார்கள். அது கடமையின்போது நடந்தவற்றுக்கு. சட்டவிரோதமாக அடைத்து வைத்து அடிப்பது கடமையில் சேராது என்று வாதிட வேண்டும். அதே ஸ்டேஷனோ அதே சரகமோ விசாரிக்கக் கூடாது என்பதால், சி.பி.சி.ஐ.டி. அல்லது சிறப்புக் குழு கேட்டு உயர் நீதிமன்றத்தை இணையாகவே அணுகலாம். வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற பேச்சு வரும். 218-ஆம் பிரிவின்படி, கோரிக்கை கிடைத்து 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும். முன்பு போல ஆண்டுக்கணக்கில் கோப்பைத் தூங்கவைக்க முடியாது.

மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள், மாநிலம், தேசியம் இரண்டில் ஒன்றுக்கு மட்டும். ஒன்று கையில் எடுத்துவிட்டால் மற்றது விசாரிக்காது. ஓராண்டுக்குள் எழுத வேண்டும். நீங்கள் பட்டியல் சாதியினரா, பழங்குடியினரா என்று கடிதத்தில் சொல்லவில்லை. அப்படியானால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் அதன் நிவாரணமும் சேரும், புகாரிலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

வக்கீல் செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிரமுகரின் ஐந்து லட்சத்தைப் பற்றி நீங்கள் எழுதிய தொனியில் அந்தக் கவலை தெரிகிறது. பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவிக்கு உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரே போகலாம். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். ஆர்.டி.ஓ. விசாரணைக்கு முன்பே போய், அந்த அட்டையின் போட்டோவைக் காட்டிப் பேச்சைத் தொடங்குங்கள்.